ஒரு பொறியியல் பேராசிரியரின் வாழ்க்கையை 20 நிமிடத்தில் சொல்வது எப்படி

நான் கொழும்பில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் மொழிமூலம் பொறியியல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். அதற்கு முன்பு 12 வருடம் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் படவரைஞராக இருந்தேன். ஒவ்வொரு ஆண்டும் இரண்டாம் தவணையில் என் வகுப்பில் ஒரு வேலை கொடுப்பேன்: ஒரு பொறியியலாளரைத் தெரிவு செய்து, அவருடைய வாழ்க்கையை வகுப்புக்கு முன்னால் நின்று 20 நிமிடம் சொல்ல வேண்டும்.

முதல் தடவை பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். இன்ன இடத்தில் பிறந்தார், இன்ன இடத்தில் படித்தார், இன்ன விருது பெற்றார், இன்ன நாளில் காலமானார். அஞ்சலித் துண்டுப்பிரசுரம் போல. அதில் ஆளையும் காணோம், அவர் செய்த வேலையையும் காணோம். அதை எப்படி மாற்றுவது என்று வருடாவருடம் வாயால் சொல்லிக்கொண்டு வந்ததை இந்த முறை எழுதிவிடுகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரையே உதாரணமாக எடுக்கிறேன்: ஸ்தெபான் புரோகோஃபியெவிச் திமோஷென்கோ. பொருட்களின் பலத்தைப் பற்றிப் படித்த எவரும் ஏதோ ஒரு வழியில் இவருடைய மாணவர்தான்.

முதலில் ஆளைத் தெரிவு செய்வது. புகழ் பெற்றவர் என்பதற்காக ஒருவரை எடுக்காதீர்கள். உங்கள் கைபட்ட ஒரு பொருளில், நீங்கள் செய்த ஒரு கணக்கில், உங்கள் வீட்டிலிருக்கும் ஒரு புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரை எடுங்கள். எங்கள் வீட்டில் இருந்தது திமோஷென்கோவின் பலவியல் புத்தகம், அதாவது பொருட்களின் பலத்தைப் பற்றியது. அப்பா தொழில்நுட்பப் பாடம் படிப்பித்தவர். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில், சைக்கிள் கரியரில் அரிசிப் பைக்கு மேலே அந்தப் புத்தகத்தைச் சீமெந்துப் பைக் கடதாசியில் சுற்றிக் கட்டினார். மழை. நாவற்குழிப் பாலத்தில் ஓரடி வைக்க ஒரு மணித்தியாலம் போல இருந்தது. அம்மா அதை எறியச் சொன்னார். அப்பா பதில் சொல்லவில்லை, கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார். அந்தப் புத்தகம் இப்போது வெள்ளவத்தையில் என் மேசையில் இருக்கிறது. கீழ் மூலைகள் நீர்பட்டு உப்பியிருக்கின்றன. எழுதியவர் யார், அவருடைய பாதை எப்படிப்பட்டது என்பதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது. அதைச் சொல்லத்தான் போகிறேன்.

உங்களிடம் அப்படி ஒரு புத்தகம் இல்லையென்றால் தேடுங்கள். டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் பொறியியல் நூல்கள் குவிந்து கிடக்கும். கொழும்பு 7இல் பொது நூலகம் இருக்கிறது. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை போதும்.

ஆளைத் தெரிவு செய்தாயிற்றா? சரி. இப்போது பிறந்த ஆண்டை எழுதப் போகிறீர்கள் என்றால் பேனையை வையுங்கள். பொறியியல் பேராசிரியரின் வாழ்க்கையை அவர் பிறப்பில் தொடங்கக் கூடாது, அவரைத் தூங்கவிடாத கேள்வியில் தொடங்க வேண்டும். கேட்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி கையால் தொட்டுப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

திமோஷென்கோவுக்கு நான் செய்வது இது. 200 பக்க சீ. ஆர். கொப்பி ஒன்று எடுங்கள். மூடிய கொப்பியின் மேல் விளிம்பில், தாள்களின் அடுக்கு தெரிகிற பக்கத்தில், அட்டையிலிருந்து அட்டை வரை குறுக்காகக் கோடுகள் போடுங்கள். இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒன்று. கோடு அட்டைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், அதனால் மூலைமட்டம் வைத்தே போடுங்கள். இப்போது கொப்பியின் முதுகை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திறக்கிற பக்கத்தை வலது கையால் கீழே வளையுங்கள். முதுகை அண்டிய கோடு நிமிர்ந்தே நிற்கும். விளிம்புப் பக்கம் போகப் போகக் கோடுகள் சாயும். அட்டைக்கும் கோட்டுக்கும் இடையில் இருந்த செங்கோணம் போய்விடும். ஏன்? தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன.

பிள்ளைகளை ஒவ்வொருவராக வளைத்துப் பார்க்க விடுங்கள். அவசரப்பட வேண்டாம். அப்புறம் கேளுங்கள்: கொங்கிரீட் வளைக்குள்ளும், அதாவது பீமுக்குள்ளும், இப்படி வழுக்கல் நடக்கிறதா?

இல்லை என்று வைத்துக்கொண்டுதான் நாம் வகுப்பில் கணக்குச் செய்கிறோம். ஒய்லரும் பெர்னூலிமாரும் 18ஆம் நூற்றாண்டில் தந்த கொள்கையில், வளை வளைந்தாலும் அந்தக் குறுக்குக்கோடு செங்குத்தாகவே நிற்கும். நீண்டு மெலிந்த வளைக்கு அது போதும். ஆனால் குட்டையான தடித்த வளையில் உள்ளுக்குள் அடுக்கு அடுக்காக வழுக்க முயல்வதைக் கணக்கில் எடுக்காமல் விட முடியாது. கட்டட சைற்றில் எல்லோரும் ஷியர் என்று சொல்வது இதைத்தான். வளை வேகமாக அதிரும்போது இன்னொன்றும் சேரும்: ஒவ்வொரு துண்டும் மேலும் கீழும் போவதோடு நில்லாமல் சற்றுத் திரும்பவும் செய்கிறது, அப்படித் திரும்புவதற்கும் ஒரு தயக்கம் உண்டு. இந்த இரண்டையும் ஒரே சமன்பாட்டில் கொண்டுவந்து திமோஷென்கோ 1921இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரையால்தான் இன்று உலகம் முழுவதும் ‘திமோஷென்கோ வளை’ என்கிறார்கள்.

எவ்வளவு வித்தியாசம் என்று கேட்கும் பிள்ளை கட்டாயம் இருக்கும். அந்தப் பிள்ளைக்காக இதைத் தயாராக வைத்திருங்கள். ஒரு முனை சுவரில் பிணைந்து, மறுமுனையில் பாரம் தொங்கும் செவ்வக உருக்கு வளை. வளைவதால் வரும் தொய்வோடு ஒப்பிட்டால், ஷியரால் கூடுதலாக வரும் தொய்வு ஏறத்தாழ 0.78 தர உயரத்துக்கும் நீளத்துக்குமான விகிதத்தின் வர்க்கம். நீளம் உயரத்தைப்போல 10 மடங்கு என்றால் 1 வீதத்துக்கும் குறைவு, விட்டுவிடலாம். 2 மடங்குதான் என்றால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கரும்பலகையில் இரண்டே வரி. ஆனால் கொப்பியை வளைத்துப் பார்த்த பிறகு இந்த இரண்டு வரியும் பிள்ளைகளின் கண்ணில் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இதற்கு 20 நிமிடத்தில் 6 நிமிடம் கொடுங்கள். கூடப் போனாலும் பரவாயில்லை.

பிறகுதான் ஆளின் பெயர். ரஷ்யப் பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம், நமக்கு அது மற்றவர்களைவிடச் சுலபம். நடுவில் இருக்கும் புரோகோஃபியெவிச் தகப்பனின் பெயரிலிருந்து வருவது, நாங்கள் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயரைப் போடுவது போல. மரியாதையாகக் கூப்பிடும்போது ‘ஸ்தெபான் புரோகோஃபியெவிச்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். நாங்கள் ‘சேர்’ என்பதற்கு அவர்கள் தகப்பனையும் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். ஆங்கிலப் புத்தகங்களில் அவர் ஸ்டீபன் பீ. திமோஷென்கோ. உக்ரேனிய மொழியில் இதே பெயர் சற்று வேறாக ஒலிக்கும். ஓர் எழுத்துமுறையைத் தெரிந்தெடுத்துக் கடைசிவரை அதையே வைத்திருங்கள்.

திகதிக்கு வருவோம். இங்கே நானே ஒரு முறை தவறியிருக்கிறேன். வகுப்புச் சுவரில் ஒட்டிய அட்டையில் ஓரிடத்தில் 1878 டிசம்பர் 10 என்றும் கீழே டிசம்பர் 22 என்றும் அச்சடித்துவிட்டேன். இரண்டும் சரிதான், ஒரே அட்டையில் விளக்கமில்லாமல் வந்ததுதான் பிழை. ரஷ்யாவில் 1918 பெப்ரவரி வரை பழைய ஜூலியன் நாட்காட்டி. 19ஆம் நூற்றாண்டில் அது 12 நாள் பின்னால், 20ஆம் நூற்றாண்டில் 13 நாள் பின்னால். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் பார்த்து வளர்ந்த நமக்கு இது விளங்காத விஷயமில்லை. புதிய முறைத் திகதியை மட்டும் எடுத்து, 1878 டிசம்பர் 22 என்று போடுங்கள்.

ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். சென் பீற்றர்ஸ்பேர்க் 1914இல் பெத்ரோகிராட் ஆனது, 1924இல் லெனின்கிராட் ஆனது, 1991இல் மீண்டும் பழைய பெயருக்கு வந்தது. சம்பவம் நடந்த நேரத்தில் இருந்த பெயரைச் சொல்லி, தேவைப்பட்டால் இன்றைய பெயரைச் சேருங்கள்.

இப்போது எல்லோரும் எதிர்பார்க்கிற பகுதி, படிப்பு. இதை வேகமாகக் கடக்கலாம். ஷ்பதோவ்கா என்ற கிராமம், அன்று ரஷ்யப் பேரரசின் செர்னிகோவ் மாகாணம், இன்று உக்ரேன். தகப்பன் நில அளவையாளர். ரொம்னி நகரத்தில் பாடசாலை. அங்கே கூடப் படித்த நண்பர் ஆப்ராம் யோஃபே, பின்னாளில் புகழ் பெற்ற பௌதிகவியலாளர். 1901இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கின் போக்குவரத்துப் பாதைப் பொறியியல் நிறுவனத்தில் பட்டம். அடுத்து அதே நகரின் பல்தொழில்நுட்ப நிறுவனத்தில் விக்தர் கிர்பிச்சோவின் கீழ் போதனை. 1905இல் ஜெர்மனியின் கேட்டிங்கனுக்குப் போய் லுட்விக் பிராண்டலிடம் வேலை. 1906இல் கீவ் பல்தொழில்நுட்ப நிறுவனத்தில் பலவியல் பேராசிரியர். அப்போது வயது 27. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

எங்கே நிறுத்த வேண்டும் என்றால், வாழ்க்கை உடைந்த இடங்களில். திமோஷென்கோவுக்கு அப்படி மூன்று இடம்.

முதலாவது 1911. கீவில் அவர் அப்போது ஒரு பீடத்தின் தலைவர், வயது 32. கல்வியமைச்சர் கஸ்ஸோவின் நடவடிக்கைகளுக்கு எதிரான மறுப்பில் கையெழுத்திட்டார், பதவி பறிபோனது. அந்த ஆண்டு பேராசிரியர்கள் பலர் வேலையிழந்தார்கள், பலர் தாங்களாகவே விலகினார்கள். குடும்பஸ்தர், மாதச் சம்பளம் திடீரென்று இல்லை. அதே ஆண்டில்தான் மீள்தன்மையுள்ள கட்டமைப்புகளின் நிலைப்பு பற்றி அவர் எழுதிய ஆய்வுக்கு ஷுராவ்ஸ்கி பரிசு கிடைத்தது. பரிசுப் பணம் குடும்பத்தைத் தாங்கியது.

இந்த இடத்தில் அந்த ஆய்வு என்ன என்று காட்டுங்கள், அப்போதுதான் பரிசு வெறும் பெயராக நிற்காது. 30 சென்ரிமீற்றர் பிளாஸ்டிக் அடிமட்டத்தை மேசையில் நிமிர்த்தி வைத்து மேலிருந்து உள்ளங்கையால் அழுத்துங்கள். கொஞ்ச நேரம் நேராக நிற்கும், பிறகு சட்டென்று பக்கவாட்டில் நெளியும். பிளாஸ்டிக் நசுங்கவில்லை, முறியவுமில்லை, ஆனால் பாரம் தாங்காது போயிற்று. நடுவில் பிடித்துப் பாதி நீளத்தை அழுத்தினால் நான்கு மடங்கு பாரம் தேவைப்படும். 1907 ஓகஸ்டில் கனடாவின் கியூபெக் பாலம் கட்டிக்கொண்டிருக்கும்போதே இடிந்து 75 தொழிலாளர் இறந்தார்கள். அழுத்தம் தாங்க வேண்டிய உருக்கு உறுப்புகள் இப்படி நெளிந்ததுதான் காரணம். அந்தக் காலத்தில் தூண், தகடு, வளைவு எல்லாவற்றிலும் எந்தப் பாரத்தில் இந்த நெளிவு தொடங்கும் என்று கணிப்பது ஒரு விளையாட்டுக் கணக்காக இருக்கவில்லை. கீவில் இருந்துகொண்டு திமோஷென்கோ தேடியது அதற்கான பொது வழியைத்தான்.

இரண்டாவது, 1918 முதல் 1920 வரை. புரட்சி, உள்நாட்டுப் போர். அதற்கு முந்திய ஆண்டுகளில் அவர் பீற்றர்ஸ்பேர்க்கில் மீண்டும் பேராசிரியராகியிருந்தார். 1918இல் கீவுக்குத் திரும்பி, விஞ்ஞானி விளாதிமீர் வெர்னாட்ஸ்கியோடு சேர்ந்து உக்ரேன் விஞ்ஞானக் கழகத்தை உருவாக்கினார், அதன் முதல் உறுப்பினர்களில் ஒருவரானார். அங்கே அவர் தொடங்கிய இயக்கவியல் நிறுவனம் இன்றும் கீவில் அவருடைய பெயரோடு இருக்கிறது. நகரம் கைமாறிக் கைமாறிப் போனது. 1920இல் நாட்டைவிட்டு வெளியேறினார். ஸாக்ரெப் பல்தொழில்நுட்ப நிறுவனம் இடம் கொடுத்தது. அப்போது அது சேர்பிய, குரோவாசிய, ஸ்லோவேனிய இராச்சியத்தில் இருந்தது, இன்று குரோவாசியாவின் தலைநகரம்.

ஸாக்ரெப்பில் அவர் எப்படிப் படிப்பித்தார் என்பதை நான் ஒருநாளும் விட்டதில்லை. குரோவாசிய மொழி அவருக்குச் சரளமாக வராது. அடிப்படை ரஷ்ய மொழியாக வைத்துக்கொண்டு, தெரிந்த குரோவாசியச் சொற்களை எத்தனை முடியுமோ அத்தனை அதில் சேர்த்து விரிவுரை செய்தார். மாணவர்களுக்கு நன்றாக விளங்கியது. வயது 41, இரண்டு நகரங்களில் பேராசிரியராக இருந்தவர், எழுதிய நூல்கள் இருக்கின்றன, ஆனால் வகுப்பில் ஒரு சொல்லுக்காகத் தேட வேண்டிய நிலை.

இதைச் சொல்லும்போது என் மனதில் வருவது அப்பா. கொழும்புக்கு வந்தபோது அவருக்கு 53 வயது. மருதானைப் பக்கம் ஒரு தனியார் வகுப்பில் சிங்களப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கக் கேட்டார்கள். அவருடைய சிங்களம் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். முதல் நாள் பலகை முழுக்கப் படம் வரைந்தார். வளை, பாரம், தாங்கி, அம்புக்குறி. ஒவ்வொரு அம்புக்குறிக்கும் ஒரு சிங்களச் சொல்லைப் பிள்ளைகளிடமே கேட்டுப் பக்கத்தில் எழுதினார். மாத முடிவில் அவரிடம் ஒரு சொற்பட்டியல் இருந்தது, பிள்ளைகளிடம் பாடம் இருந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருப்பார்கள். தூரத்து நாட்டுப் பேராசிரியரின் வாழ்க்கை எந்த இடத்தில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறதோ, அந்த இடத்தைச் சொல்லுங்கள். ஒரே ஒரு இடம் போதும். எல்லா இடத்திலும் நம்மைக் கொண்டுபோய் ஒட்டினால் அவர் மறைந்துவிடுவார்.

மூன்றாவது 1922. அமெரிக்கா, வயது 43. மூன்றாவது மொழியில் மறுபடி முதலிலிருந்து. 1923 முதல் 1927 வரை வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனத்தில் வேலை. பேராசிரியர் பட்டமெல்லாம் அங்கே உதவாது, இயந்திரம் உடைந்தால் ஏன் உடைந்தது என்று சொல்ல வேண்டும். 1925இல் ஈருலோகக் கீலம் பற்றி அவர் எழுதிய கட்டுரை அந்தக் காலத்தது. துணி அழுத்தும் மின்னழுத்தியில் சூடு கூடியதும் தானாக நிற்கிறதே, அந்த வெப்பநிலை காப்பியில் இருப்பது ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு உலோகத் தகடுகள். ஒன்று கூடுதலாக விரியும், மற்றது குறைவாக விரியும், அதனால் வளையும். எவ்வளவு வளையும் என்பதற்கு அவர் தந்த சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் பழுதான மின்னழுத்தி இருந்தால் அந்தக் கீலத்தைக் கழற்றிக் கொண்டுவந்து, மெழுகுவர்த்திச் சுவாலையில் இடுக்கியால் பிடித்துக் காட்டுங்கள். பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும்.

1927இல் மிச்சிகன் பல்கலைக்கழகம், 1936 முதல் ஸ்டான்பர்ட். இங்கே நூல்களின் பட்டியல் வந்து விழும். பட்டியலை வாசிக்காதீர்கள். ஆண்டை மட்டும் பலகையில் எழுதுங்கள்: 1928 அதிர்வு, 1930 பலவியல், 1934 மீள்தன்மை, 1936 நிலைப்பு, 1940 தகடும் ஓடும். பிறகு அவருடைய வயதைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தொடக்கமே 49. உலகம் அவரை அறிந்த ஆங்கில நூல்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தவைதான். அவற்றின் விதை கீவில் மாணவர்களுக்காக எழுதிய பாடக்குறிப்பு. மொரட்டுவையில் படிக்கும் அண்ணாமார், அக்காமார் கியர் என்பவரின் புத்தகத்தை வைத்திருப்பார்கள். அந்த ஜேம்ஸ் கியர் ஸ்டான்பர்டில் இவரோடு வேலை செய்தவர். 1972இல் வந்த முதற்பதிப்பில் திமோஷென்கோவின் பெயரும் இருந்தது.

காலத்தைப் பிள்ளைகளுக்கு உணர்த்த இரண்டு நிரல் போடும் பழக்கம் எனக்கு உண்டு. இடப்பக்கம் அவர், வலப்பக்கம் நம் தீவு. மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி 1893இல் தொடங்கியபோது அவர் ரொம்னியில் பாடசாலைப் பையன். 1950இல் கொழும்பில் பொறியியல் பீடம் தொடங்கியபோது அவருக்கு 71. பலவியலின் வரலாறு பற்றிய அவருடைய நூல் வெளிவந்த 1953, இங்கே ஓகஸ்ட் ஹர்த்தால் நடந்த ஆண்டு. அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம் அவர் பெயரில் ஒரு பதக்கத்தை நிறுவி முதற்பதக்கத்தை அவருக்கே கொடுத்தது 1957இல். கடைசிக் காலத்தில் மகளோடு இருக்க ஜெர்மனியின் வுப்பர்ட்டாலுக்குப் போனார், 1972 மே 29இல் காலமானார், 93 வயது. இலங்கை குடியரசானது அதே மே 22. ஒரு வாரம் முந்தி. வலப்பக்க நிரலை எழுதும்போது கண்ணில் பட்ட பொருத்தம் இது. இதற்கு அர்த்தம் எதுவும் கற்பிக்க வேண்டாம், ஆனால் சொன்னால் பிள்ளைகளுக்கு அந்தக் காலம் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் வந்துவிடும்.

இனி, கவனமாக நடக்க வேண்டிய இரண்டு இடங்கள்.

ஒன்று, அவர் எந்த நாட்டவர். ரஷ்யர் என்று ஒரு பிள்ளை சொல்லும், உக்ரேனியர் என்று இன்னொரு பிள்ளை எழுந்து நிற்கும், அமெரிக்கர் என்று மூன்றாவது. இப்போது நடக்கிற போரோடு அந்த வாக்குவாதம் சூடாகவும் செய்யும். ஒரு சொல்லில் முடிக்கப் பார்க்காதீர்கள். இன்று உக்ரேனாக இருக்கும் மண்ணில், ரஷ்யப் பேரரசின் குடிமகனாகப் பிறந்தார். ரஷ்ய மொழியில் படித்து, ரஷ்ய நிறுவனங்களில் பேராசிரியரானார். உக்ரேன் விஞ்ஞானக் கழகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அமெரிக்காவில் வாழ்ந்தார். தன் நினைவுகளை ரஷ்ய மொழியில் எழுதினார். இந்த ஐந்து வாக்கியத்தையும் அப்படியே சொல்லுங்கள். மண், மொழி, அரசு, கடவுச்சீட்டு நான்கும் ஒரே ஆளில் ஒன்றாக இருக்காது என்பதைக் கொழும்புத் தமிழ்ப் பிள்ளைக்கு விளக்க வேண்டிய தேவையே இல்லை.

மற்றது, ‘முதன்முதலில்’ என்ற சொல். பேச்சு அழகாக இருக்கும் என்று பிள்ளைகள் அதை எல்லா வரியிலும் போடுவார்கள். வளையில் ஷியரையும் சுழற்சித் தயக்கத்தையும் பிரான்ஸ் நாட்டு ப்ரெஸ் 1859இலேயே தொட்டிருக்கிறார். சுழற்சித் தயக்கத்தை ரெய்லி பிரபுவும் எடுத்திருக்கிறார். பீற்றர்ஸ்பேர்க்கில் 1907 முதல் 1912 வரை இருந்த பௌதிகவியலாளர் போல் ஏரன்ஃபெஸ்ட்டுக்கும் இந்தக் கொள்கையில் பங்குண்டு என்பதால் இப்போது சிலர் ‘திமோஷென்கோ, ஏரன்ஃபெஸ்ட் வளை’ என்றே எழுதுகிறார்கள். கூட வேலை செய்தவரின் பெயரைச் சொல்வதால் உங்கள் ஆள் குறைந்துபோக மாட்டார். நான் படவரைஞராக இருந்த காலத்தில் இரவிரவாக வரைந்த படங்களில் என் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. அந்த வலி தெரிந்தவள் சொல்கிறேன், ஏரன்ஃபெஸ்ட்டைச் சொல்லுங்கள்.

தமிழ்ச் சொற்களைப் பற்றியும் ஒன்று. தகைப்பு, விகாரம், யங்கின் மட்டு என்று பாடநூலில் இருப்பதைப் பயன்படுத்துங்கள், பரீட்சைக்கும் அதுதான். ஆனால் முதல் தடவை சொல்லும்போது பக்கத்தில் ஒரு செய்கை இருக்க வேண்டும். தகைப்பு என்னும்போது கையை இறுக்குங்கள், விகாரம் என்னும்போது ரப்பர் பட்டியை இழுங்கள். ஷியர், பெண்டிங் மோமெண்ட் என்று சைற்றில் புழங்குவதை மறைக்க வேண்டாம். இரண்டு சொல்லும் தெரிந்த பிள்ளை நாளைக்கு இரண்டு இடத்திலும் நிற்கும்.

ஒத்திகை வெளியில் பாருங்கள். நான் பிள்ளைகளை வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவேன், பின்னேரம் ஐந்து மணிக்கு, புகையிரதப் பாதைக்கு இந்தப்பக்கம். தண்டவாளத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது, அது கண்டிப்பு. தெற்கே போகும் ரயில் வரும்போது ஒரே ஒரு சிலிப்பர்க் கட்டையைப் பார்க்கச் சொல்வேன். சக்கரம் வந்ததும் கட்டை கல்லுக்குள் அமிழும், போனதும் எழும். தண்டவாளமும் ஒரு வளைதான், ஆனால் அதற்குக் கீழே நீளம் முழுவதும் சற்று அமிழும் படுக்கை. அதனால் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் பின்னாலும் தண்டவாளம் மெல்ல மேலே எழப் பார்க்கும். தண்டவாளத்தில் உருவாகும் தகைப்பைப் பற்றித் திமோஷென்கோ ரஷ்யாவிலும் எழுதினார், அமெரிக்காவிலும் எழுதினார். ரயில் போன பிறகு சத்தம் அடங்கும் வரை காத்திருந்து, அந்த இடத்திலேயே ஒரு பிள்ளையைப் பேச்சைத் தொடங்கச் சொல்வேன். கடல் இரைச்சலுக்கு மேலாகப் பேசிப் பழகினால் வகுப்பில் குரல் தானாக நிற்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, கொப்பிக்கு 6 நிமிடம், பெயருக்கும் படிப்புக்கும் 2, மூன்று உடைவுகளுக்கும் 8, நூல்களுக்கும் இரண்டு நிரலுக்கும் 4. கேள்விக்கு அதற்கு வெளியே 10 நிமிடம் வைத்திருங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் கேட்ட பிள்ளையின் பெயரோடு பலகையின் ஓரத்தில் எழுதி, அடுத்த வகுப்பில் பதில் கொண்டுவாருங்கள். கொப்பி இரண்டு வாங்கிக்கொண்டு போங்கள். முதலாவது பத்துப் பதினைந்து பிள்ளைகள் வளைத்ததும் முதுகு பிய்ந்துவிடும்.